சொல்லிக்கொடுத்த நேரம் யார் கணக்கில்?

ஐயா,

என் அண்ணன் காரைக்குடியில் சர்ஜன். வாரம் இரண்டு நாள் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் டிஎன்பி (டாக்டர்களுக்கான மேற்படிப்பு) மாணவர்களுக்கு ஆபரேஷன் சொல்லிக்கொடுக்கிறார். அந்த இரண்டு நாளும் வருமானம் பாதிதான். "நம்ம வீட்டுக் காசில் ஊரான் பிள்ளை படிக்கணுமா?" என்கிறார் அண்ணமிண்டி (அண்ணியை இங்கே அப்படித்தான் சொல்வோம்). அண்ணன் பதில் பேசுவதில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணமிண்டி கேட்பது நியாயம். காப்பீட்டில் ஒரு பித்தப்பை ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று ஒரே தொகைதான். முக்கால் மணியில் முடித்தாலும் இரண்டு மணி இழுத்தாலும் அதே காசு.

சர்ஜன் நண்பர் ஒருவரின் ஆபரேஷன் தியேட்டரில் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். கருவி மாணவன் கையில். பித்தக் குழாயும் ரத்தக் குழாயும் தனித்தனியாகத் தெரியும்வரை கிளிப் போடக் கூடாது. திரையில் கொழுப்பைத் துளித்துளியாக விலக்கிக்கொண்டிருந்தான். நண்பரின் கை கருவிப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. வாங்கிச் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. வாங்கவில்லை. "அவசரமில்லை, பின்பக்கமும் பார்" என்றார், அவ்வளவுதான். இருபது நிமிடம் போனது. எந்த பில்லிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

அமெரிக்காவில் 1999இல் இதைக் கணக்குப் போட்டார்கள். மாணவர் சேர்ந்தால் ஓர் ஆபரேஷனுக்குச் சராசரியாக 12 நிமிடத்துக்கு மேல் கூடுகிறது. ஒருவர் படித்து முடிப்பதற்குள் தியேட்டர் நேரம் மட்டும் சுமார் 48,000 டாலர்.

நம் ஊருக்கு இது புதிதா என்ன? நகரத்தார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் முதலில் பெட்டியடிப் பையன் (கடையில் எடுபிடி), அப்புறம் அடுத்தாள் (உதவியாள்), அதற்கும் பிறகுதான் மேலாள் (கடையை நடத்துகிறவர்). பையன் தொழில் பழகும்வரை அவன் சாப்பாடும் கப்பல் செலவும் கடைக் கணக்கில் ஏறின. மேலாள் தன் மடியிலிருந்து போடவில்லை. இங்கே மருத்துவமனைக்கு ராத்திரி டூட்டிக்கு ஆள் கிடைக்கிறது, பயிற்சி மையம் என்ற பெயரும் கிடைக்கிறது. நஷ்டம் மட்டும் உங்கள் அண்ணன் வீட்டுக்கு. அதைச் சேவை என்று சொல்லி மூடுவதுதான் எனக்குக் கோபம்.

அண்ணன் நிறுத்த வேண்டாம். நாளை நடுராத்திரியில் குடல்வால் வெடித்து வருகிறவருக்கு இந்தப் பையன்களில் ஒருவன்தான் கத்தி எடுக்கப் போகிறான். ஆனால் ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள்: தேதி, ஆபரேஷன், மாணவன் செய்த பகுதி, கூடுதலாகப் போன நிமிடம். மூன்று மாதம் எழுதினால் போதும். அதை நிர்வாகத்தின் முன் வைத்து, சொல்லிக்கொடுக்கிற நாளுக்குத் தனி ஊதியம் கேட்கட்டும். கேட்கப் போகும் முன் அந்த நோட்டை அண்ணமிண்டியிடம் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.