ஏசி இல்லாமல், ஃப்ரிட்ஜை நம்பாமல், வெயில் காலத்தில் குறைந்த செலவில் வீட்டை நடத்துவது எப்படி?

மின்சாரம் நாளில் சில மணி நேரமே இருக்கிறது, ஃப்ரிட்ஜில் வைத்த பொருளும் கெட்டுப்போகிறது, இந்த வெயிலில் கையைக் கடிக்காமல் வீட்டு வேலைகளை எப்படிச் செய்து முடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பர்மாவில் (மியான்மரில்) ரங்கூன் நகரின் நடுவே ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் 26 ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறேன். மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள், நான் என வீட்டில் ஐந்து பேர். லிஃப்ட் கிடையாது. எங்கள் வரவேற்பறை மேற்குப் பார்த்தது. ஆகவே நீங்கள் கேட்டது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மாசிக் கடைசியில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை நீடிக்கும் அன்றாடப் பாடு.

சித்திரை மாதத்தில் இங்கே பகல் வெப்பம் 37 டிகிரி வரை போவது வழக்கந்தான். 2024 ஏப்ரல் 28 அன்று மகுவே பகுதியில் உள்ள சௌக் என்னும் ஊரில் 48.2 டிகிரி பதிவானபோது ரங்கூனிலும் 40ஐத் தொட்டது. அந்த நாட்களில் மின்விசிறிக்கும் பனிக்கட்டிக்கும் எவ்வளவு செலவழித்தோம் என்று பிறகு கணக்குப் பார்த்தேன். வெயிலுக்காக என்று தெரிந்து செய்த செலவைவிட, தண்ணீரை வீணாக்கியதாலும், அடுப்பை இரண்டு முறை மூட்டியதாலும், சாப்பாடு கெட்டுப்போனதாலும் போன காசுதான் அதிகம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு இந்த மூன்றிலும்தான் கவனம் வைக்கிறேன். அவற்றுள் தண்ணீரைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதைச் சார்ந்தே இருக்கின்றன.

லோகா, ஜோபியூ முதலிய ஏரிகளிலிருந்து நகரத்துக்கு வரும் குழாய்த் தண்ணீர் தன் வேகத்தில் நான்காம் மாடிக்கு ஏறாது. மோட்டார் போட்டுத்தான் ஏற்ற வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரமோ பல நாட்களில் நள்ளிரவு தாண்டித்தான் வருகிறது. விளக்கு எரிந்த உடனே ஏதாவது ஒரு மாடியிலிருந்து யாராவது "மீ லா பி!" என்று, அதாவது கரண்ட் வந்துவிட்டது என்று, குரல் கொடுப்பார்கள். தெருவே எழுந்துகொள்ளும். எல்லா வீட்டு மோட்டார்களும் ஒன்றாக ஓடினால் மின்னழுத்தம் குறைந்து நம் மோட்டார் திணறும், ஆகவே நான் குரல் கேட்டதும் முதலில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அது ஓடும் நேரத்திலேயே துணி துவைப்பது, பள்ளிச் சட்டைகளை இஸ்திரி போடுவது, பேட்டரி விசிறிகளைச் சார்ஜில் வைப்பது ஆகியவற்றைச் செய்து விடுகிறேன். தூக்கம் கெடுகிறதே என்றால், கெடத்தான் செய்கிறது. மத்தியானம் ஒரு மணி நேரம் பாயைத் தரையில் விரித்துப் படுத்து அதை ஈடு கட்டுகிறேன்.

200 லிட்டர் பிடிக்கும் நீல நிற டிரம் எங்களிடம் இரண்டு இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர் ஒரே வேலையோடு சாக்கடைக்குப் போகக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரங்களின் முதல் எச்சிலைக் கழுவுகிறேன், மிச்சம் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகிறது. துணியைக் கடைசியாக அலசிய தண்ணீரில் சாயங்காலம் தரையைத் துடைக்கிறேன், துடைத்த அழுக்குத் தண்ணீர் கழிப்பறைக்கு. சாயங்காலம் துடைப்பதற்குக் காரணம் உண்டு: பகலெல்லாம் சூடேறிய சிமென்ட் தரை ஈரம் பட்டதும் தணிகிறது, பிள்ளைகள் அதன்மேல் பாய் விரித்துப் படிக்க உட்கார்ந்து விடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் எனக்குத் தாய்வீட்டில் வந்தது. நான் பிறந்து வளர்ந்தது ஆற்றுக்கு அக்கரையில் டலாவில். பான்சோடான் துறையில் படகேறினால் சில நிமிடங்களில் போய்விடலாம், ஆனால் தண்ணீர் விஷயத்தில் அது வேறு உலகம். குளங்கள்தான் அங்கே ஆதாரம், சித்திரை வந்தால் குளம் தரைதட்டும், குறித்த நேரத்தில் மட்டுமே இறங்கி எடுக்க விடுவார்கள். அம்மா தோளில் மூங்கில் காவடி வைத்து இரண்டு தகர டின்களில் தண்ணீர் கொண்டு வருவார். ஒவ்வொரு டின்னிலும் ஓர் அகன்ற இலையை மிதக்க விடுவார். நடக்கும்போது தண்ணீர் அலைமோதித் தளும்பாமல் அந்த இலை தடுக்கும். வீடு வந்ததும் இலையைத் தூக்கி, அதில் ஒட்டியிருக்கும் துளிகளைக்கூடக் கோழி குடிக்கும் சட்டியில் உதறுவார். நான் இன்றைக்கும் மாடிப்படியில் வாளி தூக்க நேர்ந்தால் மேலே ஒரு தட்டை மிதக்க விட்டுத்தான் தூக்குகிறேன்.

தண்ணீரைச் சேமிப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஓராண்டு ஒரு டிரம்மின் மூடி உடைந்துபோய், அதன்மேல் பழைய கைலி ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தேன். அது ஒரு பக்கம் சரிந்து கிடந்ததை நான் பார்க்கவில்லை. மகளுக்கு டெங்கு வந்தது. பத்து நாட்கள் அவளுடைய காய்ச்சலையும் மாத்திரைச் செலவையும் பார்த்தபோது, ஒரு மூடியை மிச்சம் பிடித்தது எவ்வளவு பெரிய தவறு என்று நெஞ்சில் தைத்தது. டெங்குக் கொசு பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை டிரம்மின் உள்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டிருக்கும், அதிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாட்களே போதும். ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் பயனில்லை, சுவரைத் தேய்க்க வேண்டும். சனிக்கிழமை ஒரு டிரம், புதன்கிழமை ஒரு டிரம் என்று காலி செய்து, தேங்காய் நாரால் உள்ளே சுற்றிலும் தேய்த்துக் கழுவிய பிறகே மறுபடி நிரப்புகிறேன். வாரத்துக்குள் இரண்டும் தேய்க்கப்பட்டு விடுகின்றன, வீட்டில் தண்ணீர் இல்லாத நாளும் வருவதில்லை.

குடிக்கும் தண்ணீருக்கு மண்பானை. இந்த ஊரில் தெருவோரம் சின்ன மரக்கூரைக்குக் கீழே பானை வைத்து, வழிப்போக்கர் குடிக்கக் குவளையும் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலுக்கு இணையான தருமம் அது. பானை குளிர்விப்பது அதன் மெல்லிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால்தான். ஆதலால் சமையலறை மூலையில் அடைத்து வைக்காமல், காற்றோடும் நிழலில் வைக்க வேண்டும். பங்குனியில் காற்று வறண்டிருப்பதால் தண்ணீர் நன்றாகக் குளிரும். வைகாசியில் மழைக்கு முந்திய புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. அது பானையின் குற்றமன்று. புதுப் பானையை ஒரு நாள் முழுக்க ஊற வையுங்கள். ஆனால் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், மண் அதைக் குடித்துக்கொண்டு தண்ணீரில் கக்கும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் பானை தண்ணீரைக் குளிர்விக்குமே தவிரச் சுத்தம் செய்யாது.

அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். கரி அடுப்புத்தான் எங்களுக்கு நம்பகமானது, மின்சார அடுப்பு அது வரும் நேரத்துக்கு மட்டும். கரியை இங்கே வீசைக் கணக்கில் விற்கிறார்கள். பர்மியர் பெய்த்தா என்பதை என் மாமியார் இன்னும் வீசை என்றே சொல்வார், இந்த ஊர் வீசை 1.63 கிலோ. நிறுத்து விற்கும் பொருள் என்பதால் ஈரக்கரி வாங்கினால் தண்ணீருக்குக் காசு கொடுத்தவர்களாவோம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: உலர்ந்த கரி கணீரென்று சத்தம் தரும், ஈரக்கரி மொத்தென்று இருக்கும். விடியற்காலை நான்கரை மணிக்கு அடுப்பை மூட்டி, ஆறரைக்குள் அன்றைக்கு வேண்டிய எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன். பருப்பை முதல் நாள் இரவே ஊற வைத்துவிடுவேன். பத்து நிமிடம் தளதளவென்று கொதித்ததும் மூடியோடு இறக்கி, பழைய கம்பளித் துணியிலும் இரண்டு பழைய கைலிகளிலும் இறுகச் சுற்றி ஒரு கூடைக்குள் வைத்துவிட்டால், அந்தச் சூட்டிலேயே ஒரு மணி நேரத்தில் மசிந்துவிடும். அதற்குள் சோறும் குழம்பும் அதே அடுப்பில் ஆகிவிடுகின்றன. மிஞ்சிய தணலை இடுக்கியால் எடுத்து ஒரு மண்சட்டியில் போட்டுத் தட்டால் மூடினால் காற்றில்லாமல் அணைந்து, மறுநாள் சீக்கிரம் பற்றும் கரியாகக் கிடைக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கரி அடுப்பைப் பால்கனியிலோ நன்றாகத் திறந்த சன்னலருகிலோதான் வைக்க வேண்டும், அடைத்த அறையில் அந்தப் புகையில்லாத நச்சுக் காற்று ஆளைக் கொன்றுவிடும்.

கெட்டுப்போவதைத் தடுப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி குறைவாகச் சமைப்பது. அரிசியைப் பால் டின்னில் அளந்து போடுகிறோம். எட்டு டின் சேர்ந்தால் இங்கே ஒரு பியி என்னும் அளவு. ஐந்து பேருக்கு எத்தனை டின் என்று குத்துமதிப்பாகப் போடாமல், பகலில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு போடுகிறேன். இரவில் மிஞ்சுகிற சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நீராகாரம், சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போதும். தேங்காய் அரைத்த குழம்பை இந்த மாதங்களில் நான் பகலோடு முடித்துவிடுவேன், ராத்திரிக்குப் புளிக்குழம்போ ரசமோதான். இட்லி மாவு இந்தச் சூட்டில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும், ஆகவே இரவு பத்து மணிக்கு அரைத்து விடியலில் ஊற்றிவிட வேண்டும், மூன்று நாளைக்கு என்று அரைத்து வைக்கக் கூடாது.

வெயிலால் ஆதாயமும் உண்டு. அதைப் பலர் எடுத்துக்கொள்வதில்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம். ரங்கூனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, சென்னையைவிட இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி வைகாசி நடுவிலிருந்து ஐப்பசி வரை கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் கைக்குட்டை காய்வதற்கும் இரண்டு நாள் ஆகும். அதனால் காய வேண்டியவை எல்லாம் இப்போதே காய வேண்டும். நெல்லறுப்புக்குப் பிறகு பெகு நகரப் பக்கத்து வயல்களில் விதைத்த உளுந்து மாசி வாக்கில் சந்தைக்கு வருகிறது. இந்தியாவுக்குக் கப்பலேறுவதும் இந்த உளுந்துதான். அப்போது வாங்கினால் விலை மலிவு. ஆறு மாதத்துக்கு வேண்டியதை வாங்கி, பால்கனியில் பாய் விரித்து மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு காய்ந்த வேப்பிலையோடு டின்னில் அடைக்கிறேன். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். மோர் மிளகாய், கத்தரி வற்றல், மாங்காய் வற்றல், அரிசி வடகம் எல்லாம் பங்குனியிலேயே ஆகிவிட வேண்டும். மழைக் காலத்தில் காய்கறி விலை ஏறும் நாட்களில் வற்றல் குழம்பும் சுட்ட கருவாடுமாகவே எங்கள் வீட்டில் பல மதியங்கள் கழிகின்றன. மெத்தை, தலையணை, கொசுவலை ஆகியவற்றையும் இந்த வெயிலில்தான் காட்டி எடுக்கிறேன். சித்திரைப் பிறப்பும் பர்மியர் புத்தாண்டான திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் சேர்ந்து வருவதால் சந்தை பல நாட்கள் மூடிக் கிடக்கும், கரியும் கிழங்கும் வெங்காயமும் ஒரு வாரம் முன்னதாகவே வாங்கிவிட வேண்டும்.

வீட்டைக் குளிர்ச்சியாக வைக்க நான் செய்வது கொஞ்சந்தான். பதினொரு மணிக்கு மேற்குச் சன்னல்களை மூடி, மூங்கில் தட்டியை வெளிப்பக்கமாக இறக்கிவிடுகிறேன். திரைச்சீலையை உள்பக்கம் போட்டால் சூடு அதற்குள் ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறேன். வெயிலில் மாடிப்படி ஏறி இறங்காமலிருக்க, இங்குள்ள எல்லா வீடுகளையும் போலப் பால்கனியிலிருந்து ஒரு கயிறும் நுனியில் ஒரு கிளிப்பும் தொங்குகின்றன. கீரைக்காரப் பெண் கீழேயிருந்து "அமா!" என்று, அதாவது அக்கா என்று, கூப்பிட்டதும் பணத்தைக் கிளிப்பில் மாட்டி இறக்குவேன், கட்டு மேலே வந்துவிடும். வேர்க்குருவுக்குப் பவுடர் வாங்குவதில்லை. மாமியார் சாயங்காலம் குளித்ததும் பர்மியர் அரைத்துப் பூசிக்கொள்ளும் 'தனக்கா' என்னும் வாசனை மரத்தின் கட்டையைக் கல்லில் தண்ணீர் தெளித்து உரசி, பேரப்பிள்ளைகளின் முதுகிலும் கழுத்திலும் தடவிவிடுவார். ஒரு கட்டை இரண்டு கோடைக்கு வருகிறது.

இவ்வளவையும் ஒரே நாளில் தொடங்க முடியாது. உங்கள் வீட்டில் டிரம் இருந்தால் முதலில் அதன் மூடியைப் பாருங்கள், அடுத்து அடுப்பு மூட்டும் நேரத்தை விடியலுக்கு மாற்றுங்கள், மற்றவை தாமாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். தகரக் கூரை உள்ளவர்கள் முதல் மழைக்குக் காத்திருக்கும்போது டிரம்மைக் கூரைத் தண்ணீருக்கு நேராக வைத்துவிடாதீர்கள். மூன்று மாதத் தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் இறங்கும். டலாவில் அம்மா முதல் மழையை முற்றத்தில் ஓட விட்டுவிட்டு, கூரையிலிருந்து விழும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்து, அது தெளிந்த பிறகே எங்களைக் கூப்பிட்டு டின்களை எடுத்துவரச் சொல்வார்.