வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ், ஆனால் மைனஸ் 33 போல இருக்கிறதாம். எது நிஜம்?

சிகாகோவில் படிக்கும் மகன் இப்படிச் சொன்னதாகக் கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் நிஜம்தான். வெப்பமானி காட்டுவது மைனஸ் 20. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் அடித்தால், தோலை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றுப் படலம் கலைந்து, உடம்புச் சூடு மைனஸ் 33-இல் போவதுபோல வேகமாகப் போகும். மார்கழி விடியலில் திருவையாற்றுப் பாலத்தில் பைக் ஓட்டினால் காது ஜில்லிடும். வண்டியை நிறுத்தினால் அடங்கிவிடும். காரணம் இதேதான்.

ஆனால் அங்கே இது ஆபத்து. மூடாத மூக்கு, காது, விரல் எல்லாம் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். தோல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கவே கூடாதென்று சொல்லுங்கள். தைலமும் வேண்டாம். உள்ளே போய் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு, உடனே மருத்துவரிடம் போகட்டும்.