மலை நாட்டுப் போரை மேசையில் ஆடுவது எப்படி? கேள்வி பதில்

பண்டாரவளையில் எங்கள் வீட்டு மேசையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து, 1804இல் ஆங்கிலேயப் படை, அப்போது தனி அரசாக இருந்த கண்டிக்குப் போய்த் திரும்பிய கதையை ஆடினோம். பார்க்க வந்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணே, கையில் காசு குறைவு. எதில் தொடங்கலாம்? (ஹட்டன், ஒரு தம்பி)

1/72 அளவு, அதாவது நிஜ ஆளில் 72இல் ஒரு பங்கு உயரப் பிளாஸ்டிக் பொம்மையில் தொடங்குங்க தம்பி. ஒரு பெட்டியில் ஏறத்தாழ 40 பேர் இருப்பாங்க. அதைவிடக் கொஞ்சம் பெரிய 28 மி.மீ. பொம்மையில் முகம், பொத்தான் எல்லாம் அழகாத் தெரியும், விலையும் கூட. 1/72 வளைகிற பிளாஸ்டிக். சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவிட்டுத்தான் பெயின்ட் அடிக்கணும். கழுவாமல் அடித்தால் இரண்டாம் ஆட்டத்திலேயே துப்பாக்கி நுனியில் உரியும்.

மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன், பொம்மையெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. (நுவரெலியா)

மூடுபனிதான் காரணம். காற்றில் ஈரம் கூடினால் மேட் ஸ்ப்ரே மங்கிப் போகும். எனக்கும் ஒரு மார்கழிக் காலையில் 12 பேர் இப்படிப் போனார்கள். மேலே பளபள வார்னிஷை பிரஷால் மெல்லப் பூசுங்க, பெரும்பாலும் நிறம் திரும்பும். அது காய்ந்ததும் மேட் வார்னிஷையும் பிரஷாலேயே பூசலாம். நம்ம ஊர்க் குளிரில் ஸ்ப்ரேயை நம்பவே வேண்டாம்.

வாட்டர்லூ (1815 போர்) பொம்மைப் பெட்டியில் வரும் சிவப்புச் சட்டை ஆங்கிலேயச் சிப்பாய்களைக் கண்டிப் போருக்கு எடுக்கலாமா? (கண்டி)

எடுக்கலாம், ஆனால் தொப்பியைப் பாருங்க. முன்பக்கம் உயர்ந்து நிற்கும் தொப்பி 1812இல் வந்தது. அதற்கு முன் இருந்தது நேரான குழாய்த் தொப்பி. உயர்ந்த முன்பகுதியை அரத்தால் தேய்த்து இறக்கி, பக்கவாட்டில் இருக்கும் இறகுக் குஞ்சத்தை வெட்டி முன்னால் ஒட்டுங்க. இன்னொன்று: அந்தப் படையில் பின்னல் சடையை நிறுத்தியது 1808இல். ஆகவே 1804 சிப்பாயின் பிடரியில் பிசைந்து ஒட்டும் பட்டியை (putty) அரிசி மணி அளவு உருட்டி ஒரு சின்னச் சடை வைங்க. அந்தப் பயணத்தில் போன ஆங்கிலேய 19ஆம் படைப்பிரிவுக்குக் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பச்சை. சிவப்புக்கு வெளிச்சம் ஏற்ற வெள்ளை கலந்தால் ரோசாப்பூ நிறமாகிவிடும். கொஞ்சம் ஆரஞ்சு கலந்து மடிப்பின் மேட்டில் மட்டும் தொடுங்க.

மலையும் காடும் எதில் செய்தீங்க? (தலவாக்கலை)

மலை ரிஜிபோம் (பெட்டிகளில் வரும் வெள்ளைத் தெர்மோகோல்). ஸ்ப்ரே பெயின்ட் நேரே பட்டால் அது கரைந்து குழி விழும், அதனால் முதலில் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனைப் பூசிடுங்க. மரங்களுக்கு நம்மகிட்ட இருப்பது மாதிரி வேறெங்கும் கிடைக்காது: கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. முறுக்கும் கணுவுமாக, நூறு வயதுக் காட்டு மரம் போலவே நிற்கும். காட்டுத் தரைக்கு, தேத்தண்ணி ஊற்றிய சக்கையை அடுப்புப் பக்கம் மொறுமொறுவென்று காயவைத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒட்டுங்க. ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆனால் மேசையில் தேயிலை மலை வைத்துவிடாதீங்க! கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867இல். 1804இல் இந்தப் பக்கமெல்லாம் பெருங்காடு.

கண்டிப் படையிடம் பீரங்கி குறைவு. ஆட்டம் ஒருபக்கமாகப் போகாதா? (மாத்தளை)

போகாது, மலையை ஒழுங்காகச் செய்திருந்தால். கண்டிக்காரர் வெட்டவெளியில் அணிவகுத்து நிற்கவில்லை. எதிரியை உள்ளே விட்டு, பாதையை மரம் வெட்டிப் போட்டு மறித்து, திரும்பும்போது அடித்தார்கள். 1804இல் கேப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ 300 பேரோடு மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு வந்து சேர்ந்தார். எதிர்பார்த்த மற்றப் படைகள் வரவில்லை. வழியெல்லாம் சுடுபட்டுத்தான் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தார். நாங்கள் ஆடியது அந்தத் திரும்பும் பயணத்தை.

6 அடி நீள மேசையில் ஒரே ஒற்றையடிப் பாதை. ஆங்கிலேயப் படை பாதையில் ஒரு முறைக்கு 6 அங்குலம் போகும், காட்டில் இறங்கினால் 2 அங்குலம்தான். கண்டிப் படைக்குக் காட்டிலும் 6 அங்குலம். கண்டி ஆட்களை மேசையில் வைப்பதே இல்லை. காட்டுக்குள் கவிழ்த்த அட்டைகள் மட்டும். சிலது வெறும் அட்டை, சிலதில் வில்லாளர், ஒன்றிரண்டில் ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சிறு பீரங்கியான கொடித்துவக்கு. சுடும்போதுதான் அட்டையைத் திருப்புவோம். ஒவ்வொரு முறையும் சுமைகாரருக்கு ஒரு தாயக்கட்டை: 1 விழுந்தால் ஒருவர் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். எத்தனை பேரைக் கொன்றோம் என்று எண்ணுவதில்லை. மறுமுனையில் எத்தனை பேர் வெளியேறினார்கள் என்பதே வெற்றிக் கணக்கு. கடைசி 2 அடி வரும்போது ஆங்கிலேயப் பக்கம் ஆடிய மருமகன் காயம்பட்டவர்களை விடவும் மனமில்லாமல், தூக்கவும் ஆளில்லாமல் கால்மணி நேரம் யோசித்தான்.

அந்த மேசையில் தமிழ் ஆட்கள் யாராவது இருக்காங்களா? பிள்ளைகள் கேட்கிறாங்க. (பதுளை, ஓர் ஆசிரியை)

தோட்டத்து மக்கள் இல்லை, டீச்சர். நம்ம ஆட்கள் கோப்பித் தோட்ட வேலைக்காக வந்தது 1820களிலிருந்து. ஆனால் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சம். 1815இல் பிடிபட்டு, வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தார். அதே நாயக்கர் குடும்பத்து முத்துசாமியைப் பற்றியும் சொல்லுங்க. 1803இல் ஆங்கிலேயர் அவரைக் கண்டி அரசனாக்கினார்கள். ஜூனில் கண்டியில் இருந்த ஆங்கிலேயப் படைத் தலைவர் மேஜர் டேவி சரணடைந்த பிறகு, வெள்ளம் ஓடிய மகாவலிக் கரையில் அவர்களே அவரைக் கண்டிக்காரரிடம் கையளித்தார்கள். கண்டிக்காரர் அவரைக் கொன்றுவிட்டார்கள். அவருக்கு ஒரு பொம்மை செய்துகொண்டிருக்கிறேன். தலைப்பாகை முடிந்தது, முகம் இன்னும் வரவில்லை.