கேள்வி – பதில்: சுரங்கத் தொழிலாளியின் மகளும் கிராணி வீட்டு ஒலிநாடாக்களும்

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தவர். அவர் மறைந்த பிறகு அலமாரியைத் திறந்தபோது, டி.எம்.எஸ்., சுசீலா ஒலிநாடாக்களுக்கு அடியில் லோரெட்டா லின், பாட்சி கிளைன் என்ற பெயர்கள் கிடைத்தன. தோட்டத்துத் தமிழர் ஒருவருக்கு அமெரிக்க நாட்டுப்புறத்தில் வேர்கொண்ட கன்ட்ரி இசையில் என்ன இருந்திருக்கும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: லோரெட்டா லின்னின் ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ (சுரங்கத் தொழிலாளியின் மகள்) பாடலை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள், அம்மா, பாதி விடை அதிலேயே இருக்கிறது. 1932-இல் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்த லோரெட்டா, 1970-இல் வெளியான அந்தப் பாடலில் தம் வீட்டை மட்டுமே பாடுகிறார்: இரவெல்லாம் சுரங்கத்திலும் பகலெல்லாம் சோளக்கொல்லையிலும் உழைக்கும் தந்தை, துவைக்கும் பலகையில் விரல் தேய்ந்து இரத்தம் கசியும் தாய், கோடையில் வெறுங்காலோடு திரிந்துவிட்டுக் குளிர்காலத்துக்கு மட்டும் பன்றி விற்ற காசில் தபாலில் வரவழைத்த புதுக் காலணி அணியும் பிள்ளைகள். தீபாவளி முன்பணத்தில் ஆண்டுக்கொரு முறை புதுத்துணி கண்ட, தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு உரை தேவையில்லை. அந்நாளைய சுரங்க ஊர்கள் பலவற்றில் குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது, மளிகைக் கடையும் கம்பெனியுடையது. அந்தக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டுகளாகக் கூலி கொடுக்கப்பட்டதும் உண்டு. செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டை எழுதிய கிராணிக்கு, சம்பள நாளன்று எந்த வீட்டில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பது மற்றவரைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

பதினைந்து வயதில் மணமாகி, இருபது வயதுக்குள் நான்கு பிள்ளைகளுக்குத் தாயான அந்தப் பெண், 1972-இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1975-இல் கருத்தடை மாத்திரையைப் பற்றி அவர் பாடியபோது பல வானொலி நிலையங்கள் அந்தப் பாட்டை ஒலிபரப்ப மறுத்தன. அவருடைய வறுமைப் பாட்டில் இரக்கத்தைக் கோரும் தொனி ஓரிடத்திலும் இல்லை என்பதே என்னை அவரிடம் கட்டிப்போட்ட குணம்.

பாட்சி கிளைன் வேறு வகை. சொல்லைவிடக் குரலே அங்கே பேசும். தாளத்துக்குச் சற்றே பின்தங்கி, விட்டுப்போகுமோ என்று நாம் அஞ்சும் நேரத்தில் வந்து சேர்ந்துகொள்வார். 1961 ஜூனில் கார் விபத்தில் படுகாயமடைந்த அவர், அதே ஆண்டு வில்லி நெல்சன் எழுதிய ‘கிரேஸி’ பாடலைப் பதிவு செய்ய வந்தபோது, விலா எலும்பு வலியால் உச்ச சுரங்களைப் பிடிக்க இயலாமல் திரும்பிச் சென்று, சில வாரங்கள் கழித்து வந்து பாடி முடித்தார். கேட்கும்போது அந்த வலியை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒரு துளியும் அகப்படவில்லை. 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது முப்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்த இசையில் அடிக்கடி ஒலிக்கும் ஸ்டீல் கிடார், கம்பிகளின் மேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிக்கப்படுவதால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும். கமகத்தில் பழகிய செவிக்கு அது எப்படி அந்நியமாக இருக்கும்?

கேள்வி: ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ விட்னி ஹூஸ்டன் பாட்டுத்தானே? டாலி பார்ட்டன் பாடியது அதன் நகல் என்கிறான் என் மகன்.
– வாசகர், கூலிம்

பதில்: மகனிடம் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். அதை எழுதி 1974-இல் வெளியிட்டவரே கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன்தான். விட்னி ஹூஸ்டனின் பதிவு 1992-இல் வந்தது. இடையில் எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோது, வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார்கள் என்பதால், அழுதுகொண்டே மறுத்துவிட்டதாக டாலியே கூறியிருக்கிறார். டென்னசி மலைப்பகுதியில் பன்னிரண்டு பிள்ளைகளுள் ஒருவராக வளர்ந்தவர். உழைப்பின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: கன்ட்ரி பாடகி டாமி வைனெட்டின் ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ (உன்னவனுக்குத் துணை நில்) பெண்ணடிமைப் பாட்டு இல்லையா? இதையெல்லாம் பாராட்டலாமா?
– வாசகி, பகாவ்

பதில்: 1968-இல் அந்தப் பாட்டு வந்த நாளிலிருந்தே இந்தக் குற்றச்சாட்டு இருந்து வருகிறது, சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் அதே ஆண்டில் மணமுறிவைப் பற்றியும் பாடி வெற்றி கண்டவர், வாழ்க்கையில் ஐந்து முறை மணந்தவர், மிசிசிப்பியில் பஞ்சு பறித்து வளர்ந்து, முடி திருத்தும் தொழில் கற்றுப் பிழைத்தவர் அவர். அந்தப் பாட்டை உபதேசமாகக் கேட்டால் கசக்கும். தாங்கிப் பார்த்துத் தளர்ந்த ஒருத்தியின் தேம்பலாகக் கேட்டால் அந்தக் குரல் வேறு கதை சொல்லும்.

எதிர்க்குரல்தான் வேண்டுமென்றால் கிட்டி வெல்ஸிடம் போங்கள். வழிதவறிய பெண்களைக் குறைகூறி ஆண் ஒருவர் பாடிய பாட்டுக்கு மறுமொழியாக, அவர்கள் கெட்டதற்கு மணமாகியும் தனியர் போல் நடந்துகொண்ட ஆண்களே காரணம் என்று 1952-இல் அவர் பாடினார். என்.பி.சி. வானொலி அதை ஒலிபரப்பத் தடை விதித்தும், அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கன்ட்ரி பாடல் பட்டியலில் தனித்துப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண் பாடகியானார். பாட்டுத் தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாமா என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்த அவர், ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றது 125 டாலர் கூலி கிடைக்கும் என்பதற்காகத்தான்.