நினைவு உதவித்தொகையும் கல்லூரியின் கணக்கும்

கேள்வி: அமெரிக்காவில் மறைந்தவர் நினைவாக உள்ளூர்ப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் கல்லூரி உதவித்தொகை முழுவதும் மாணவருக்கே பயன்படுமா?

பதில்: எப்போதும் அப்படி அமைவதில்லை. மறைந்த ஆசிரியர் ஒருவரின் குடும்பம் திரட்டிய நிதியிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவருக்குப் பள்ளி மேடையில் 1,000 டாலர் காசோலை வழங்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதை அவர் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். மொத்த உதவி அவருடைய தேவையை மிஞ்சுமானால், சில கல்லூரிகள் அவருடைய கல்விக் கடனைக் குறைப்பதற்கு மாறாக, தாம் தருவதாகச் சொன்ன மானியத்திலேயே கைவைத்துவிடுகின்றன. இறந்தவர் பெயரால் ஊர் கொடுத்த பணம் கல்லூரிக்கு மிச்சமாவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மேரிலாந்து மாநிலம் 2017-இல் அரசுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. வருமான வரியைப் பொறுத்தவரை, உதவித்தொகையில் பட்டப்படிப்பின் கல்விக் கட்டணத்துக்கும் பாடநூல்களுக்கும் செலவிடும் பகுதிக்கு வரி இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் செலவிட்டால் அது வருமானமாகக் கொள்ளப்படும்.