பிறந்த ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை

கேள்வி: பல வருடங்களாக வெளிநாட்டில் இருக்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போனால் உறவினர் வீடுகளுக்குப் போய் வருவதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. இந்த முறை ஒரு சுற்றுலாப் பயணியைப் போல ஊரைப் பார்க்க நினைக்கிறேன். "பிறந்து வளர்ந்த ஊரில் புதிதாக என்ன பார்க்கப் போகிறாய்?" என்கிறார் அண்ணன். போன முறை கடைத்தெருவிலேயே வழி தெரியாமல் நின்றேன். ஊர் எனக்கு அந்நியமாகிவிட்டதா?

பதில்: அன்புச் சகோதரி, அவசியம் சுற்றிப் பாருங்கள். நாம் வளர்ந்த ஊரை முழுதாக அறிந்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து தோழி வீட்டுக்கு என்று நாம் அறிந்ததெல்லாம் சில பாதைகள்தான். பெண் பிள்ளைகளுக்கு அதிலும் பாதிதான் வாய்த்திருக்கும்.

நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச், மூன்று அமெரிக்க நகரங்களின் மக்களிடம் தங்கள் ஊரை நினைவிலிருந்து வரைந்து காட்டச் சொன்னார். 1960-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பெரும்பாலோர் மனத்தில் ஊர் என்பது முதன்மையாகத் தாங்கள் நடமாடும் பாதைகளாகவே பதிந்திருந்தது தெரியவந்தது. நீங்களும் கிளம்புவதற்கு முன் அதைச் செய்யுங்கள். கைப்பேசியைப் பார்க்காமல் ஒரு முழுத் தாளில் ஊரை வரையுங்கள். எங்கெல்லாம் வெறுமையாக இருக்கிறதோ அங்கெல்லாம் போங்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது? ஆறு ஊரைக் கடந்து எங்கே போகிறது? இப்படிப்பட்ட கேள்விகள் தாமாகவே எழும்.

முதல் நாள் தனியாக, காலையில், நடந்தே போங்கள். வண்டியில் போனால் பழைய பாதைகளிலேயே போய் வந்துவிடுவீர்கள். ஊர் நூலகத்தில் பழைய வரைபடமோ புகைப்படமோ கிடைத்தால் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்பும் ஊர் மாறிக்கொண்டேதான் இருந்தது என்பது அதில் தெரியும்.

வழி தெரியாமல் நின்றதற்காக மனம் வருந்தாதீர்கள். வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர்கள் சொந்த மண்ணிலும் மறுபடி பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் 1963-லேயே எழுதினார்கள். புது நாட்டில் தடுமாற்றத்தை எதிர்பார்த்தே போகிறோம், சொந்த ஊரில் எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் இங்கே வலி கூடுதலாக இருக்கிறது. அந்நியமானதற்கு அது அடையாளமல்ல.

ஒன்றை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். "முன்பு இங்கே அது இருந்தது" என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினால், இப்போது இருப்பது கண்ணில் படாது. கேட்பவர்களுக்கும் சங்கடம். அது அவர்கள் இன்று வாழும் ஊர். மறுநாள், அங்கேயே வளரும் உறவுக்காரப் பிள்ளைகள் யாரையாவது துணைக்கு அழையுங்கள். அவர்களுக்குப் பிடித்த இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். வழியையும் அவர்களே சொல்லட்டும்.