ஆத்துல போட்டாலும் அளந்து போடு: ஸ்டீல்ஹெட்டும் ஈயக்குண்டும்

கேள்வி: கிளீவ்லாண்ட் பக்கத்துல ஸ்ட்ராங்ஸ்வில்ல இருக்கேன். நவம்பர்ல இருந்து அஞ்சு சனிக்கிழமை ராக்கி ரிவர் போய்ட்டு வந்துட்டேன், ஒரு ஸ்டீல்ஹெட் மீன் கூட மாட்டல. என்கிட்ட இருக்கறது ரீல் வச்ச சாதாரண 9 அடி தூண்டில், ஸ்பின்னிங் ராட். கடைல சொன்ன போலி இரை, மீன் முட்டை மாதிரி கட்டின எக் ஃப்ளை, பூச்சி மாதிரி கட்டின ஸ்டோன்ஃப்ளை எல்லாம் வாங்கி எல்லா கலரும் போட்டு பாத்தேன். ஒண்ணு பாறைல மாட்டி அறுந்து போகுது, இல்லன்னா சும்மா மிதந்துட்டு திரும்ப வருது. பக்கத்துல நின்னவர் அதே கலர் எக் ஃப்ளைல ஒரே காலைல மூணு பிடிச்சாரு. ஃப்ளை ராட் வாங்கி காஸ்டிங் கத்துக்கிட்டாதான் முடியுமா? 8 வயசு பொண்ணையும் கூட்டிட்டு போலாமா?

பதில்: ஃப்ளை ராட் வேணாம். முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா இதை படிச்சு முடிக்கறதுக்குள்ள ஆர்டர் போட்டுடுவீங்க. ஃப்ளை ராட்ல லைனோட கனம்தான் ஃப்ளைய தூக்கிட்டு போகும், உங்க ஸ்பின்னிங் ராட்ல அந்த வேலைய ஈயக்குண்டு செய்யுது, தண்ணிக்கு அடில இருக்கற மீனுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மிச்சிகன்ல பெர் மார்க்கெட் ஆத்துல ஃப்ளை ராட் வச்சிருக்கவங்களே அதுல நல்ல கனமா ஈயம் கட்டி வீசறாங்க, அதுக்கு "சக் அண்ட் டக்"னு பேரு, வீசினதும் தலைய குனிஞ்சுக்கணும்னு அர்த்தம். அதுவும் நீங்க பண்றதும் ஒரே வேலைதான்.

பக்கத்துல நின்னவர் அதே ஃப்ளைல மூணு பிடிச்சாருன்னு எழுதிருக்கீங்க பாருங்க, உங்க கேள்விக்கு பதிலே அதுலதான் இருக்கு. ஃப்ளை ஒண்ணுதான், ஆறு ஒண்ணுதான், அப்போ மாறினது அந்த ஃப்ளை எந்த ஆழத்துல எந்த வேகத்துல போச்சுங்கறது மட்டும்தான். அதை முடிவு பண்றது ஈயம். பத்து வருஷத்துக்கு மேல இந்த ஆத்துல நிக்கறேன், புதுசா வர்றவங்க எல்லாரும் ஃப்ளை டப்பாவத்தான் திரும்ப திரும்ப திறக்கறாங்க, ஷாட் டப்பாவ, அதாவது சின்ன ஈயக்குண்டு இருக்கற டப்பாவ, திறக்கறதே இல்ல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம ஊர்ல சொல்றது இந்த தொழிலுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு.

ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ஆத்துல மேல ஓடற தண்ணியும் அடில ஓடற தண்ணியும் ஒரே வேகம் கிடையாது, அடில பாறையும் கல்லும் உரசி இழுத்து பிடிக்கறதால அங்க தண்ணி ரொம்ப மெதுவா போகும். ஸ்டீல்ஹெட் படுத்திருக்கறது அந்த மெதுவான தண்ணிலதான், குளிர்காலத்துல தண்ணி 40 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் வந்துட்டா அதுக்கு உடம்பே மந்தமாயிடும், ஒரு முட்டைக்காக மூணு அடி மேல எழும்பி வராது. அடில நிஜமா உருண்டு வர்ற முட்டை எந்த வேகத்துல வருதோ அதே வேகத்துல அது மூக்குக்கு நேரா வந்தாதான் வாய திறக்கும். உங்க ஃப்ளை "சும்மா மிதந்துட்டு வருது"ன்னா மீனுக்கு ரெண்டு அடி மேல, ரெண்டு மடங்கு வேகத்துல பறந்து போயிருக்குன்னு அர்த்தம்.

இதை கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. தண்ணி மேல போற நுரைய பாருங்க. உங்க லைன் தண்ணிக்குள்ள இறங்கற இடத்துக்கு பக்கத்துல ஒரு நுரைக்குமிழிய குறி வச்சுக்கோங்க. அந்த நுரை உங்க லைன முந்தி போகணும். ரெண்டும் ஜோடியா போச்சுன்னா ஈயம் பத்தல, இன்னொரு ஷாட் போடுங்க. லைன் ஒரே இடத்துல நின்னு நின்னு இழுபட்டா ஈயம் ஜாஸ்தி, ஒண்ண எடுங்க. பிபி சைஸ் ஷாட் ஒண்ணு அரை கிராம் கூட வராது, ஆனா அந்த அரை கிராம்தான் மீன் மாட்டறதுக்கும் வெறுங்கையோட வீட்டுக்கு போறதுக்கும் நடுவுல நிக்குது. இடம் மாறும்போதெல்லாம் மாத்தணும், ஒரே மடுவுல தலைப்பகுதிக்கு நாலு ஷாட்னா கீழ்ப்பகுதிக்கு ரெண்டு போதும். சோம்பல் படாம மாத்தறவங்களுக்குத்தான் மீன்.

இப்ப எப்படி கட்டறதுன்னு சொல்றேன். ரீல்ல 8 பவுண்டு இழுவை தாங்கற மோனோ, அதாவது நம்ம தங்கூஸ், அதோட முனைல ஒரு குட்டி ஸ்விவல், லைன் முறுக்கிக்காம சுத்தற இணைப்பு. ஸ்விவல்ல முடிச்சு போடும்போது மிச்ச நுனிய வெட்டாதீங்க, நாலு இஞ்ச் தொங்க விடுங்க, அதோட முனைல சின்னதா ஒரு முடிச்சு போட்டு அதுக்கு மேல ஷாட்ட லேசா அழுத்துங்க. ப்ளையர்ல அழுத்துங்க, பல்லால கடிக்காதீங்க, அது ஈயம், விஷம். ஸ்விவலோட அந்த பக்கம் 6 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லைன் ஒரு 20 இஞ்ச், இதைத்தான் லீடர்னு சொல்றோம், அதுல ஃப்ளை. ஷாட்ட மெயின் லைன்ல போடாம தொங்கற நுனில போடறதுக்கு காரணம் இருக்கு, பாறை இடுக்குல மாட்டினா இழுத்ததும் ஷாட் மட்டும் உருவிக்கிட்டு அங்கயே தங்கிடும், ஃப்ளையும் லீடரும் தப்பிக்கும். ராக்கி ரிவர் அடி பூரா ஷேல் பாறை, பலகை பலகையா அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், நடுவுல நீளமா வெடிப்பு ஓடும், பெரிய குண்டு ஒண்ணு அதுல விழுந்தா எழுந்து வராது. அதனாலதான் பெருசு ஒண்ணுக்கு பதிலா சின்னது நாலு. நாலும் மாட்டுதுன்னா ஸ்லிங்கி வாங்கி பாருங்க, பாராசூட் கயித்துக்குள்ள ஷாட்ட அடைச்சு ரெண்டு பக்கமும் உருக்கி ஒட்டினது, பாறை மேல பாம்பு மாதிரி நெளிஞ்சு போயிடும்.

அந்த வெடிப்ப திட்டாதீங்க, ஸ்டீல்ஹெட் படுக்கறதும் அதுலதான். முட்டி ஆழம் தண்ணில நடுவுல ஒரு பச்சைக் கோடு மாதிரி இருட்டா தெரிஞ்சா அங்க பலகை உடைஞ்சு பள்ளம் விழுந்திருக்குன்னு புரிஞ்சுக்கலாம். அதே மாதிரி வேகமான தண்ணியும் மெதுவான தண்ணியும் உரசிக்கிட்டு போற ஓரம், அந்த கோட்ட சீம்னு சொல்றோம், அங்க மீன் மெதுவான பக்கம் படுத்துக்கிட்டு வேகமான பக்கம் வர்ற சாப்பாட்ட பாத்துக்கிட்டு இருக்கும். தண்ணி நீங்க சாதாரணமா நடக்கற வேகத்துல போகணும், ஆழம் முட்டிக்கு மேல நெஞ்சுக்கு கீழ. இந்த ரெண்டும் சேர்ந்த இடத்த விட்டுட்டு பெரிய ஆழமான மடுவ பாத்து வீசிட்டு நிக்கறவங்கதான் ஜாஸ்தி. தண்ணி ரொம்ப ஜில்லுன்னு 35, 36க்கு போயிட்டா மட்டும் மடு சரி, அப்ப மீன் அங்கதான் ஒடுங்கும்.

ஒரே ஒரு ட்ரிஃப்ட், அதாவது வீசின ஃப்ளை ஓட்டத்தோட ஒரு தடவ போறது, எப்படி போகணும்னு மெதுவா ஓட்டி காட்டறேன். ராக்கி ரிவர்ல ராக்கிளிஃப் ஃபோர்டுங்கற இடத்துக்கு கீழ நிக்கறீங்கன்னு வச்சுக்கோங்க. சீம் உங்களுக்கு இருபது அடி தள்ளி இருக்கு. நேரா வீசாதீங்க, கொஞ்சம் ஓட்டம் வர்ற பக்கமா, தண்ணி இடது பக்கம் இருந்து வருதுன்னா கடிகாரத்துல 11 இருக்கற திசைல வீசுங்க. விழுந்ததும் ராட் நுனிய தூக்கி லைன் முடிஞ்ச வரைக்கும் தண்ணில படாம பிடிங்க, லைன் தண்ணில படுத்தா மேல்தண்ணி அதை வில்லா வளைச்சு ஈயத்த இழுத்துட்டு ஓடிடும். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணறதுக்குள்ள முதல் "டக்" கைல வரணும். அப்புறம் ராட் நுனி அதோட கூடவே போகணும், இழுக்கவும் கூடாது தளரவும் கூடாது. டக். ரெண்டு நொடி. டக். ரெண்டு நொடி. டக். ஆள்காட்டி விரல லைன் மேல வச்சுக்கிட்டீங்கன்னா கல்லு வேற, மணல் வேற, பாறைப் பலகை வேறன்னு விரலே சொல்லும், பாறைன்னா கணீர்னு வரும், பாசி படிஞ்ச இடம்னா மெத்துன்னு இருக்கும்.

கடி எப்படி இருக்கும்னு எல்லாரும் கேக்கறாங்க. பெரும்பாலும் கடி மாதிரியே இருக்காது. அந்த டக் வரவேண்டிய நேரத்துல வராது, அவ்வளவுதான். லைன் அரை நொடி நிக்கும், இல்ல ஒரு விரக்கடை மேல்பக்கமா நகரும். மீன் வாய்ல வாங்கி இது முட்டை இல்லன்னு தெரிஞ்சு துப்பறதுக்குள்ள நீங்க ராட்ட கீழ்த்தண்ணி பக்கமா, பக்கவாட்டுல, சின்னதா ஒரு வெட்டு வெட்டணும். ட்ரிஃப்ட் முடிவுல ஃப்ளை கீழ போய் சுத்திக்கிட்டு மேல எழும்பும்போதும் மூணு நொடி விட்டு வைங்க, துரத்தி வந்து அடிக்கற மீன் அப்பதான் அடிக்கும்.

லீடர் 20 இஞ்ச்னு சொன்னேன்ல, அதை ஆறு அடிக்கு நீட்டினா மீன் மாட்டுதுன்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் குடுப்பாங்க. மாட்டும், ஆனா மீன் சாப்பிட்டு மாட்டாது, நீளமான லைன் திறந்த வாய்க்குள்ள குறுக்க ஓடி வெளில இருந்து முள் குத்தும். முள் வாய்க்கு வெளில, செதில்ல, வால்லன்னு வந்துக்கிட்டே இருந்தா லீடர குறைங்க. அப்படி வெளில குத்தின மீன வச்சுக்கவும் கூடாது, ஒஹையோல ஸ்டீல்ஹெட்ட அப்படி கொக்கி போட்டு இழுக்கறது சட்டப்படி தப்பு. எனக்கு இது சட்டத்துக்கும் மேல. அது நம்மள நம்பி வாய திறந்து கடிக்கணும், அதுக்காகத்தான் இவ்ளோ பாடு.

ஃப்ளை பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இது அவ்ளோ பெரிய விஷயம் இல்ல. தண்ணி கலங்கல்னா 8-ஆம் நம்பர் முள்ளுல பளிச்னு ரோஸ், கிளிப்பச்சை. தெளிஞ்சு போச்சுன்னா அதைவிட சின்ன முள்ளு, 12, 14ல வெளிறின மஞ்சள், க்ரீம், லீடரும் 4 பவுண்டுக்கு இறக்கிக்கலாம். மார்ச், ஏப்ரல்ல சக்கர் மீன் முட்டை போட வரும்போது சக்கர் ஸ்பான்னு ஒரு ஃப்ளை, கம்பளி நூல சின்ன சின்ன வளையமா கட்டினது, நம்ம ஈரி ஏரி பக்கத்து ஆறுகளுக்கு அதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. கறுப்பு ஸ்டோன்ஃப்ளை 10-ஆம் நம்பர்ல ரெண்டு வச்சுக்கோங்க. போதும்.

இந்த மீன் இங்க தானா வந்தது இல்லங்கறதையும் தெரிஞ்சுக்கோங்க, அது பசிபிக் கடலோரத்து ரெயின்போ ட்ரவுட்டோட கடலுக்கு போய் வர்ற வகை, இங்க ஏரியவே கடலா எடுத்துக்கிச்சு. ஒஹையோ அரசாங்கம் பெரும்பாலும் மிச்சிகனோட லிட்டில் மானிஸ்டீ ஆத்து வம்சத்து குஞ்சுகள வளத்து வருஷா வருஷம் 4 லட்சத்துக்கு மேல ஆறுகள்ல விடுது, ஒரு ஜாண் அளவுல ஏரிக்கு போனது ரெண்டு மூணு வருஷத்துல 25 இஞ்ச்சா திரும்பி வருது. அதனால சாப்பிட எடுக்கறது தப்பே இல்ல, செப்டம்பர் 1ல இருந்து மே 15 வரைக்கும் ஒரு நாளைக்கு 2, குறைஞ்சது 12 இஞ்ச். விடறதா இருந்தா கைய நனைச்சுக்கிட்டு, தண்ணிக்குள்ளயே வச்சு முள்ள எடுத்து, தலைய ஓட்டத்துக்கு எதிரா பிடிங்க, அதுவா உதறிக்கிட்டு போகும்.

எந்த நாள் போறதுன்னு கேக்கல, ஆனா அஞ்சு சனிக்கிழமைல குறைஞ்சது ரெண்டு, தப்பான நாள்ல போனதாலயே வீணா போயிருக்கும். சனிக்கிழமைங்கறதால மட்டும் போகாதீங்க. பெரியாங்கற (Berea) ஊர் பக்கத்துல யூஎஸ்ஜிஎஸ் கேஜ் இருக்கு, ஆத்துல எவ்ளோ தண்ணி ஓடுதுன்னு அளக்கற அரசாங்க கருவி, ஆன்லைன்ல பாக்கலாம், மேட்டூர்ல திறந்து விடற தண்ணிய நியூஸ்ல கன அடின்னு சொல்வாங்கல்ல அதே கணக்கு, ஒரு நொடிக்கு எத்தன கன அடி. 200ல இருந்து 400க்குள்ள, இறங்கிக்கிட்டு இருக்குன்னா லீவு போட்டுட்டு போங்க. 150க்கு கீழ போனா கண்ணாடி மாதிரி தெளிஞ்சு மீன் பயந்து ஒடுங்கிடும். மழை அடிச்சு ஏறிட்டா ரெண்டு மூணு நாள் பொறுங்க, ராக்கி சீக்கிரம் தெளிஞ்சுடும், களிமண்ணால கிராண்ட் ரிவர் அதைவிட ரொம்ப நேரம் எடுக்கும். ஈஸ்டர் சமயத்துல கிளீவ்லாண்ட்ல நடக்கற தியாகராஜர் ஆராதனைக்கு ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வருவாங்கல்ல, அந்த வாரங்கள் இங்க ஸ்டீல்ஹெட்டுக்கும் நல்ல சீசன், காலைல ஆத்துல நின்னுட்டு சாயங்காலம் கச்சேரிக்கு போறது எனக்கு வருஷத்துலயே பிடிச்ச நாட்கள்.

பொண்ண தாராளமா கூட்டிட்டு போங்க, 16 வயசுக்கு கீழ லைசென்ஸ் தேவையில்ல. தண்ணிக்குள்ள மட்டும் இறக்காதீங்க, அந்த ஷேல் மேல பாசி எண்ணெய் தடவின மாதிரி இருக்கும், பெரியவங்களுக்கே ஆணி வச்ச பூட்ஸும், தண்ணில இறங்க போடற வேடர்ஸ் உடைக்கு மேல கட்டற பெல்ட்டும் இல்லாம இறங்கறது ஆபத்து. கரைல கூழாங்கல் திட்டா பாத்து லைஃப் ஜாக்கெட் போட்டு நிறுத்துங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம், விரல் விறைச்சா அடுத்த தடவ வரவே மாட்டா. வீசறது நீங்க வீசுங்க. ஈயம் அடிய தொட்டதும் ராட்ட அவ கைல குடுத்து விரல லைன் மேல வைக்க சொல்லி, டக் எப்ப வருதுன்னு அவளயே எண்ண சொல்லுங்க. பசங்க விரல் நம்மளவிட கூர்மை, எண்ணிக்கிட்டே வந்து திடீர்னு "அப்பா, வரல"ன்னு சொல்லுவா, அந்த நிமிஷம் யோசிக்காம வெட்ட சொல்லுங்க.